புள்ளி வைப்பது யார்? புள்ளியில் மாட்டுவது யார்?

சென்ற மாதப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். இரவு ஷிப்டு காரணமாக வர முடியாத தோழர்களுக்காகவும், குழந்தைகளோடு வீட்டிலேயே இருந்துவிட்ட தாய்மார்களுக்காகவும் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் பஸ்திப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து கைபேசியில் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். கொல்கத்தாவில் கஞ்சா எங்கெங்கே விற்கிறது என்று காட்டும் வரைபடம். இதை ஒரு ஆள் உட்கார்ந்து வரையவில்லை. இணைப்பு கையில் கிடைத்தவர் எவரானாலும் திறந்து, தனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கலாம். பக்கத்தில் இரண்டு வரி எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை. மூன்றே வாரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் விழுந்துவிட்டன. இதைச் சங்கத்தின் பெயரால் வெளியிட வேண்டும், நம் பத்திரிகையில் அச்சிட வேண்டும், தானாவில் ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். கைதட்டல் பலமாகவே இருந்தது. ஆசிரியர் குழுவினராகிய நாங்கள் மட்டும் எதிர்த்தோம். ஏன் என்று எழுதுங்கள் என்றார்கள். எழுதுகிறோம்.

பிள்ளைகளின் நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. கூடப் படித்தவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பட்டப்பகலில் திண்ணையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து வயிறெரிந்துதான் இதைத் தொடங்கினார்கள். அந்த வயிற்றெரிச்சல் நமக்கும் உண்டு. கையில் எடுத்த கருவியைப் பற்றித்தான் நம் சண்டை.

அந்தப் புள்ளிகளில் ஒன்று, மாவு அரைத்து விற்கும் நம் அக்கா ஒருவரின் வாசலில் விழுந்தது. பெயர் வேண்டாம், அவர் அரைத்த மாவில் இட்லி தின்னாத தமிழ்க் குடும்பம் நம் பஸ்தியில் இல்லை. கஞ்சாப் பொட்டலம் கைமாறுவது அவர் வீட்டை ஒட்டிய பான் பெட்டிக்கடையில். அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். புள்ளி வைத்த தம்பியும் பெட்டிக்கடையை மனதில் வைத்துத்தான் வைத்தான். ஆனால் ஆறடிச் சந்தில், இரண்டு பக்கமும் சுவர், மேலே தகரம் என்றிருக்கும் இடத்தில் கைபேசிக்கு வானம் தெரிவதில்லை. திறந்த மைதானத்திலேயே ஐந்து மீட்டர் வரை பிசகக்கூடிய கருவி அது. ஐந்து மீட்டர் என்பது பாலிகஞ்சில் ஒரு பங்களாவின் பூந்தோட்டத்துக்குள் அடங்கிவிடும். நம்மிடத்தில் அந்த ஐந்து மீட்டருக்குள் மூன்று குடும்பங்கள் சமைத்து, தூங்கி, பிள்ளை வளர்க்கின்றன.

முதலில் வந்தவர்கள் வாங்க வந்தவர்கள். இரவு பதினோரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டி, கைபேசியைக் காட்டி, "இங்கேதானே?" என்று கேட்டார்கள். வீட்டில் வயது வந்த பெண் இருக்கிறாள். அடுத்த வாரம் குடிசைக்காரர் வந்தார். அவரும் கைபேசியைக் காட்டினார். அடுத்த மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்றார். பதினெட்டு வருஷமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் வாடகை கொடுத்தவர் அக்கா.

கூட்டத்தில் இதைச் சொன்னோம். "ஒரு தவறு நடந்ததற்காக நல்ல காரியத்தை நிறுத்துவதா? புள்ளியை நகர்த்திவிட்டால் போயிற்று" என்றார்கள். நகர்த்தினார்கள். இப்போது அது பெட்டிக்கடைக்கு அந்தப் பக்கம், கைரிக்‌ஷா இழுக்கும் ஒரு பிகார்க்காரரின் வாசலில் நிற்கிறது. அவருக்கு நம் பத்திரிகை படிக்கத் தெரியாது; நம் கூட்டத்துக்கு வந்து ஆட்சேபிக்கவும் மாட்டார். பெட்டிக்கடைக்காரர் மட்டும் நிம்மதியாக வியாபாரம் செய்கிறார்.

அப்போது ஒரு தாய் எழுந்தார். "என் பையனுக்குப் பதினேழு வயசு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வாசல்ல உக்காந்திருக்கேன், எப்ப வருவான், எப்படி வருவான்னு. நீங்க அஞ்சு மீட்டர், ஆறு மீட்டர்னு கணக்குப் பேசுறீங்க. புள்ளி வச்சாத்தான் என்ன, தீ வச்சாத்தான் என்ன, அந்தக் கடை ஒழிஞ்சா சரி" என்றார். அரங்கம் அப்படியே அடங்கிவிட்டது. அந்தத் தாய்க்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க நமக்கு உரிமை கிடையாது. அதற்கு முன் வரைபடத்தின் சங்கதியைப் பேசிவிடுவோம்.

கஞ்சாக் கடைகளுக்கு வரைபடம் போடும் யோசனை வெளிநாட்டிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2008-ல் 'வீட்மேப்ஸ்' என்று ஒரு கம்பெனியே தொடங்கினார்கள். எந்தத் தெருவில் எந்தக் கடை, என்ன சரக்கு என்று வாங்குகிறவனுக்கு வழி காட்டுவதே அதன் தொழில். கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டப்படி விற்க அனுமதித்தது. தாய்லாந்து 2022 ஜூனில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தது. கடைகள் காளான் போல முளைத்தன. மூன்று வருஷம் கழித்து, 2025-ல், மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மறுபடி கயிற்றை இறுக்கியது. உலகமெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற பொது வரைபடம் 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதில் மளிகைக் கடைக்கு ஒரு குறி இருப்பதுபோல் கஞ்சாக் கடைக்கும் ஒரு குறி உண்டு.

அந்த நாடுகளில் கடைக்காரனே காசு கொடுத்து வரைபடத்தில் இடம் பிடிக்கிறான். அங்கே புள்ளி என்பது விளம்பரப் பலகை. அங்கேயும் லட்சணம் என்ன தெரியுமா? உரிமம் இல்லாத கடைகளையும் சேர்த்துக் காட்டுகிறாய், நிறுத்து என்று கலிபோர்னியா அரசாங்கம் 2018-ல் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. உரிமம் உள்ள நாட்டிலேயே வரைபடத்தில் எது மெய், எது பொய் என்று பிரிக்க முடியவில்லை. கஞ்சா விற்பதே குற்றமாக உள்ள நம் நாட்டில், அந்தப் புள்ளி முதல் தகவல் அறிக்கையின் முதல் வரியாகிவிடுகிறது. அந்த வரியை நம் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கிறார்கள்.

சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985 நவம்பர் 14-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி செடியின் பூவும் காயும் உள்ள நுனி கஞ்சா. அதை வைத்திருந்தால் சிறை. அதே செடியின் இலையைத் தனியாகக் கிள்ளி அரைத்தால் பாங்கு. அது இந்தச் சட்டத்துக்குள் வராது, மாநில ஆயத்தீர்வையின் கீழ் போகும். காசியிலும் ராஜஸ்தானத்திலும் அரசாங்க உரிமத்தோடு பலகை மாட்டிப் பாங்கு விற்கிறார்கள். ஹோலிக்குப் பெரிய வீட்டில் பாங்கு கலந்த தண்டாய் குடித்தால் அது பண்பாடு. நம் பையன் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் இருந்தால் குற்றம். செடி ஒன்றுதான், தோழர்களே.

ஒரு கிலோ வரை கஞ்சாவுக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல், இருபது கிலோ வரை என்றால் பத்து வருஷம் வரை. இருபது கிலோவுக்கு மேல் என்றால் பத்து முதல் இருபது வருஷம். இது பலருக்கும் தெரிந்த பகுதி. தெரியாத பகுதி 25-ஆம் பிரிவு. ஓர் இடத்தின் சொந்தக்காரரோ அங்கே குடியிருப்பவரோ, தெரிந்தே அந்த இடத்தில் இந்தக் குற்றம் நடக்க விட்டால், குற்றம் செய்தவனுக்கு உள்ள தண்டனை அவருக்கும் உண்டு. 'தெரிந்தே' என்ற சொல்லைக் கவனியுங்கள். இதுவரை குடிசைக்காரர் "எனக்கு என்ன தெரியும்?" என்று கையை விரிக்கலாம். ஊரே பார்க்கும் வரைபடத்தில் அவர் குடிசை மேல் சிவப்புப் புள்ளி விழுந்த பிறகு, தெரியாது என்று எப்படிச் சொல்வார்? அவர் விசாரிக்கப் போவதில்லை. வழக்குப் பேசப் போவதில்லை. வாடகைக்கு இருப்பவரை வெளியே தள்ளுவார். அதுதான் அவருக்குச் சுலபமான வழி.

கல்கத்தா பஸ்தியின் அமைப்பு ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. நிலம் ஒருவருடையது; 1981-ல் வந்த திக்கா குத்தகைச் சட்டத்தால் அந்த நிலம் அரசாங்கத்துக்குப் போயிற்று. நிலத்தின் மேல் குடிசை கட்டியவர் திக்கா குத்தகைதாரர். அந்தக் குடிசையில் ஒரு அறைக்கு வாடகை கொடுப்பவர் 'பாடாட்டியா'. நம்மில் பெரும்பாலோர் இந்த மூன்றாம் படியில் நிற்பவர்கள். பலரிடம் வாடகை ரசீதுகூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த மாநகராட்சி எல்லைக்குள் 14 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். நகரத்தில் பத்துப் பேருக்கு மூன்று பேர். இந்த மூன்று பேரை அப்புறப்படுத்த ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்திருப்பவர்கள் எப்போதும் உண்டு. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று அழகான பெயர் வைத்து நடைபாதை வியாபாரிகளை ஓரிரவில் துடைத்தார்கள். 2012 மார்ச்சில் நோனாடாங்காவில் குடிசைகளை இடித்தார்கள். அப்போதெல்லாம் சொன்ன காரணம் ஆக்கிரமிப்பு. நாளைக்கு 'போதைப் பேட்டை' என்பார்கள். சாட்சி யார் என்று கேட்டால், தமிழர் சங்கமே வெளியிட்ட வரைபடம் என்று நீட்டுவார்கள்.

இந்த நகரத்துக்குக் கஞ்சாக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கமே இதைக் கணக்கு வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தது. இன்று வங்கதேசத்தில் இருக்கும் நவ்காவ் வட்டாரத்தில் பயிர். அரசாங்கக் கண்காணிப்பில் கிட்டங்கி. அங்கிருந்து உரிமம் பெற்ற கடைகளுக்குச் சரக்கு. ஒவ்வொரு படியிலும் வரி. 1917-ல் அந்தக் குடியானவர்களுக்கு ஒரு கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்டது. கஞ்சாவால் ஜனங்களுக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று 1893-ல் லண்டன் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. அதன்மேல் ஒரு கமிஷன் போட்டார்கள். அதன் முதல் கூட்டம் இதே கல்கத்தாவில்தான் நடந்தது. 1,193 சாட்சிகளை விசாரித்து 1894-ல் அறிக்கை கொடுத்தார்கள். தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது முடிவு. வரி வருமானத்தை விட மனமில்லாத சர்க்காருக்கு அது வசதியான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கமிஷன் ஒரு நல்ல வேலை செய்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைத் திறந்து பார்த்தது.

பதிவேட்டில் 'நோய்க்குக் காரணம்' என்று ஒரு கட்டம். தெருவில் திரிந்த ஒரு மனிதனைப் பிடித்து வரும் போலீஸ்காரருக்குக் காரணம் எங்கே தெரியும்? கட்டத்தை வெறுமையாக விடவும் முடியாது. 'கஞ்சா' என்று எழுதிவிடுவார். அதை ஆஸ்பத்திரி அப்படியே நகல் எடுக்கும். ஆஸ்பத்திரியின் கணக்கை மாகாண சர்க்கார் எடுத்துக்கொள்ளும். அது லண்டனுக்குப் போய்ப் புள்ளிவிவரம் ஆகிவிடும். கமிஷன் 1892-ஆம் வருஷத்துக் கேஸ்களை ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தபோது, ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் கஞ்சாவோடு ஏதாவது சம்பந்தம் உண்டென்று சொல்லத்தக்கவர்கள் 98 பேர்தான் தேறினார்கள். நூற்றுக்கு ஏழு.

நம் பிள்ளைகள் வைத்த நூற்றுச் சொச்சம் புள்ளிகளில் எத்தனை தேறும்? சோதித்துப் பார்த்தவர் உண்டா? எங்களுக்குத் தெரிந்து, ஒரு புள்ளி பாக்கி தராத மளிகைக்காரர்மேல் உள்ள கோபத்தில் வைத்தது. இன்னொன்று கிளப் தேர்தல் தகராறில் வைத்தது. பெயர் போட வேண்டாத இடத்தில் யாருக்கும் கை கூசுவதில்லை. கூகுள் கம்பெனியே இப்படிப் பொதுமக்கள் கையில் வரைபடத்தைக் கொடுத்து 2008-ல் 'மேப் மேக்கர்' என்று ஒன்றை நடத்தியது. 2015-ல் ராவல்பிண்டிக்குப் பக்கத்தில் எவனோ அசிங்கமான படம் ஒன்றை அதில் வரைந்துவைக்க, சிறிது காலம் பூட்டிவைத்தார்கள். 2017-ல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். கோடி கோடியாகப் பணமுள்ள கம்பெனிக்கே காவல் காக்க முடியவில்லை.

பதிவேட்டில் ஏறுவது என்றால் என்னவென்று தமிழனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் என்று 1871-ல் வடக்கே தொடங்கி, 1911-க்குப் பிறகு நம் ஊர்ப்பக்கம் வந்து, நம் ஜனங்கள் வாயில் 'கைரேகைச் சட்டம்' ஆனதே, அது இதுதான். ஒருவன் குற்றம் செய்தானா என்று பார்ப்பதில்லை. அவன் குடியிருக்கும் இடமும் பிறந்த குலமும் பதிவேட்டில் இருந்தால் போதும். அதை எதிர்த்து நின்றதற்காக 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அந்தக் கைரேகையை வகைப்படுத்தி அடுக்கிவைக்கும் உலகத்தின் முதல் அலுவலகம் எங்கே திறந்தது? 1897-ல், இதே கல்கத்தாவில். சட்டம் 1952-ல் ஒழிந்தது. பழக்கம் ஒழிந்ததா என்று மாலையில் டிபன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் நம் தோழரை நிறுத்திக் கேளுங்கள்.

"அப்படியானால் கஞ்சா வியாபாரிக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்விதான். பெட்டிக்கடைக்காரர் நூறு கிராம் வைத்து விற்கிறார். அந்த நூறு கிராம் அவர் கொல்லையில் விளையவில்லை. ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து லாரியிலும் ரயிலிலும் வருகிறது. ஆந்திரப் போலீஸ் 2021-ல் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் பயிரை வெட்டிச் சாய்த்தது. வெட்டப்பட்டது மலைவாழ் குடியானவனின் பயிர். பணம் போட்டவன் வேறு எங்கோ இருந்தான். நம் வரைபடத்தில் லாரி முதலாளி இருக்கிறாரா? கிட்டங்கி இருக்கிறதா? கடனுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி இருக்கிறாரா? அவர்கள் ஒருவரும் இல்லை. ஏனென்றால் அவர்கள் வீட்டுத் தெருவில் நம் பிள்ளைகள் நடமாட முடியாது. நடக்க முடிந்த தெரு நம் தெரு; அதனால் புள்ளியெல்லாம் நம் தெருவில்.

இன்னொரு சங்கதி. உத்தரப் பிரதேசத்து மதுராவில், பிடித்து வைத்திருந்த 581 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று 2022-ல் போலீஸ் கோர்ட்டில் சொன்னது. சிரிக்காதீர்கள். சென்னையிலும் 2023-ல், 22 கிலோ கஞ்சா வழக்கில் சரக்கின் ஒரு பகுதி எலிக்குப் போய்விட்டதென்று சொல்ல, குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள். இந்த எலிகள் குடியிருக்கும் வளைக்கு எந்தத் தம்பி புள்ளி வைப்பான்? அந்த எலிகளின் கையில் கொடுப்பதற்குத்தானா வரைபடத்தின் பிரதி?

கஞ்சா நல்லது என்று நாம் சொல்லவில்லை. வளரும் பிள்ளைக்கு அது நஞ்சு. ஆனால் அளவு தெரிந்து கோபப்பட வேண்டும். மத்திய அரசாங்கத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்து 2019-ல் வெளியான கணக்குப்படி, கஞ்சா, சரஸ் இவற்றை உபயோகிப்பவர்கள் நாட்டில் சுமார் 1 கோடியே 30 லட்சம் பேர். சாராயம் குடிப்பவர்கள் 16 கோடி. நம் சங்கத்துக் குடும்பங்களில் தாலி அடகுக்குப் போனது எதனால் என்று தாய்மார்கள் சொல்லட்டும். அதற்கான கடைகள் எல்லாக் கைபேசியிலும் திறக்கும் நேரம், மூடும் நேரத்தோடு பளிச்சென்று இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2003 முதல் அரசாங்கமே டாஸ்மாக் கடை திறந்து சில்லறை விற்கிறது. அந்த வரைபடத்தைத் தானாவில் கொடுக்க வேண்டும் என்று எவரும் தீர்மானம் போடவில்லை.

இனி அந்தத் தாய்க்கு.

அம்மா, உங்கள் பையனுக்குப் பதினெட்டு ஆகவில்லை. அவனுக்குப் போதைப்பொருள் கொடுத்தவன்மேல் சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 77-ஆம் பிரிவு பாயும். ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளையை வைத்துப் பொட்டலம் கொண்டுபோகச் செய்தால் 78-ஆம் பிரிவு, அதற்கும் அதே தண்டனை. எத்தனை கிராம் என்ற கணக்கு இதில் வராது. இந்தப் பிரிவைச் சொல்லிப் புகார் எழுதினால் கேட்கிறவர் காதில் விழும். வெறும் புள்ளி விழாது. 1933 என்ற எண்ணில் 2024 ஜூலை முதல் மத்திய அரசாங்கம் தகவல் வாங்குகிறது. தகவல் தந்தவர் யார் என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று போதைப்பொருள் சட்டத்தின் 68-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சட்டம் இரகசியம் தரும் இடத்தில் நாம் ஏன் ஊருக்கெல்லாம் பறை சாற்ற வேண்டும்?

பையன் பழக்கத்திலிருந்து மீள வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் கவலை; கடை மூடுவது அடுத்தது. 14446 என்ற எண்ணில் பணம் இல்லாமல் ஆலோசனை கிடைக்கும். பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிலையத்திலோ சிகிச்சைக்குச் சேர்ந்தால், உபயோகித்த குற்றத்துக்கும் சிறு அளவுக் குற்றத்துக்கும் அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது என்று 64ஏ பிரிவு சொல்கிறது. இதை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அறிவோம்? ஆசிரியர் குழுவிலேயே இரண்டு பேருக்கு இப்போதுதான் தெரிந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். தெருவில் நிறுத்தி உடம்பைச் சோதிக்க வந்தால், கெஜட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னால் சோதியுங்கள் என்று கேட்கும் உரிமை 50-ஆம் பிரிவில் உண்டு. அதைப் பையனுக்கும் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத் துணை வேண்டுமென்றால் சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார். வங்காளியில் பேச ஆள் இல்லாமல் வரிசையில் நின்று திரும்பி வந்தவர்கள் நம்மில் பலர். அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியும்.

வரைபடமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இதே கொல்கத்தாவில் ரிஷி அரவிந்தோ காலனிப் பிள்ளைகள், 'பிரயாசம்' என்ற அமைப்பின் துணையோடு, தங்கள் குடியிருப்பை வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து வரைபடம் போட்டார்கள். கம்பெனி வரைபடத்தில் அவர்கள் இடம் வெறுமையாகக் கிடந்தது. எந்த வீட்டுக் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து போடவில்லை, தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் குறித்தார்கள். அந்தக் காகிதத்தோடு போய் அதிகாரிகளிடம் நின்றார்கள். 2013-ல் அதைப் பற்றி ஒரு சினிமாப் படமே வந்தது. வேறொரு அமைப்பு, தெருப் பெயரும் கதவு எண்ணும் இல்லாத பஸ்திக் குடிசைகளுக்கு ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அந்த முகவரியைக் கொண்டு வங்கிக் கணக்கு முதலியவை பெற வழி செய்தது. அந்த வரைபடங்களில் ஏறிய குடும்பத்துக்கு ஏதாவது கிடைத்தது. நம் வரைபடத்தில் ஏறிய அக்காவுக்குக் கிடைத்தது காலி செய்யச் சொல்லும் உத்தரவு.

நம் சந்தில் எட்டு விளக்குக் கம்பங்கள் உண்டு. எரிபவை மூன்று. பொட்டலம் கைமாறும் இடம் ஐந்தாவது கம்பத்தடி. அது எரிந்து ஒன்றரை வருஷமாகிறது. மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க இருந்த ஒரே திண்ணையைக் கிளப்காரர்கள் கேரம் பலகை போட்டு வளைத்துக்கொண்டார்கள். அதே கைபேசி, அதே தம்பிமார்கள், எரியாத ஐந்து கம்பங்களுக்கும் புள்ளி வைத்துக் கொடுத்தால், மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்கு இந்தப் பத்திரிகை அட்டையில் அச்சிட்டுக் கொண்டுபோக நாம் தயார். விளக்கு வந்தால் கஞ்சா போய்விடும் என்று யாரையும் ஏமாற்றவில்லை. ஐந்து அடி தள்ளிப் போவான். அங்கேயும் விளக்குக் கேட்போம்.

கூட்டம் முடிந்த பிறகு பிள்ளைகள் நால்வர் நம்மிடம் வந்தார்கள். நெடுநேரம் பேசினோம், சத்தமும் வந்தது. கடைசியில் வரைபடத்தைத் தாங்களே அழித்துவிட்டார்கள். அழித்த இரண்டாம் நாள் தெரிந்தது, அதற்கு முன்பே யாரோ பிரதி எடுத்து வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள் என்று. இப்போது அதில் நம் சந்துக்குள் மூன்று புள்ளிகள் நிற்கின்றன. ஒன்று, அக்காவின் வாசலில் முதலில் விழுந்த அதே பழைய புள்ளி. வைத்திருப்பவர் யார், எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியவில்லை. நீக்கச் சொல்லி எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குடிசைக்காரரைச் சந்திக்க அக்காவோடு பத்துப் பேர் போகிறோம். ரிக்‌ஷாக்காரத் தோழரையும் அழைத்திருக்கிறோம். வங்காளியும் இந்தியும் சரளமாகப் பேசுகிறவர்கள் மூன்றரை மணிக்கே சங்கத்துக்கு வந்துவிடவும்.